மூன்று நாற்காலிகளும் ஒரு மருந்து அலமாரியும்

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என்னையும் பேச விட்டு அமர்ந்த சொல்வன்மை மிக்கவர்களே! பெற்ற பிள்ளைகளை மடியிலும் தீராத குறைகளை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! என்னைவிட வயதில் மூத்தவர் யாரேனும் இருந்தால், பெரியவர்களே! இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் சுகாதாரப் பிரிவின் அதிகாரி அவர்களே! பணியமைப்புப் பிரிவைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் அதிகாரி அவர்களே! சட்டப் பிரிவைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் அதிகாரி அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஏன் சிரிக்கிறீர்கள்? மூவரும் ஒருவரே என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒருவரை விட்டுவிட்டு இருவரை மட்டும் வணங்கினால், விடுபட்டவர் வருத்தப்பட மாட்டாரா?

நான் பூட்டுக்காரன். எழுத்து என்பதைப் பூட்டுகளின் மேல் பொறித்த பெயர்களைத் தடவித் தடவிப் படித்துக்கொண்டவன். என் தொழிலில் ஒரே ஒரு விதி. உரிமையாளர் எதிரே நிற்காமல் எந்தப் பூட்டிலும் கம்பியை நுழைக்க மாட்டேன். சொந்த மைத்துனன் வந்து கெஞ்சினாலும் சரி, "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாப்பா" என்பேன். இந்தப் பிடிவாதத்துக்காக என்னைத் திட்டாதவர் இந்தத் தெருவில் உண்டா? அதோ கை தட்டுகிறாரே, அவரும் திட்டியவர்தான்.

அரசாங்கத்தைப் பற்றியும் நானாகவே படித்தேன். அதற்கு மூன்று கிளைகளாம். ஒன்று சட்டம் இயற்றும். ஒன்று அதை நடத்தும். ஒன்று நியாயம் சொல்லும். எவ்வளவு அழகான ஏற்பாடு! எவ்வளவு அளவான அமைப்பு! நடத்துகிற கிளைக்குத் துறைகள், துறைகளுக்குப் பிரிவுகள், பிரிவுகளுக்கு அறைகள், அறைகளுக்கு நாற்காலிகள். எல்லாம் இருக்கின்றன. நாற்காலியில் உட்கார ஆள் வேண்டும் என்பதை மட்டும் யாரோ எழுத மறந்துவிட்டார்கள்.

முன்வரிசையில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். இஸ்திரி போடுகிறவள். உங்களில் பாதிப் பேரின் சட்டை மடிப்பு அவள் கைவேலை. அவளுக்கு வலிப்பு உண்டு. நம் அரசு மருத்துவமனை தரும் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்த வரை அது தலைகாட்டவில்லை. வெளிக்கடைகளில் அந்த மாத்திரை வருவதில்லை. மருந்து கொடுப்பவர் ஓய்வு பெற்றார். அலமாரியைப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. மருத்துவர் இருக்கிறார், ஊசி போட நர்சம்மா இருக்கிறார், மாத்திரை இருக்கிறது, கண்ணாடிக் கதவு வழியாகப் பெயரைப் படிக்கலாம். எடுத்துக் கொடுக்க மட்டும் ஆள் இல்லை.

ஒரு நாள் இஸ்திரிப் பெட்டி கையில் இருக்கும்போதே வலிப்பு வந்தது. அவள் இடக்கையை இன்று சேலைத் தலைப்பால் மூடியிருக்கிறாள். நான் அதிகம் சொல்லப் போவதில்லை.

அன்று அந்த அலமாரியின் முன்னால் போய் நின்றேன். நானே மாட்டிக் கொடுத்த பூட்டு. கம்பியை விட்டால் கண் சிமிட்டும் நேரம். தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "திறக்காதண்ணே. இத்தனை வருஷம் ஊரையெல்லாம் திருப்பி அனுப்பிட்டு, எனக்காகத் திறந்தா உன் மூஞ்சில யாரு முழிப்பாங்க? போய் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்றாள்.

வீட்டுக்காரர் யார்? அரசாங்கம். சரி, அரசாங்கத்தைத் தேடிப் புறப்பட்டேன்.

அரசு அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் சுகாதாரப் பிரிவு. ஐயா அவர்கள் அன்பாக உட்காரச் சொன்னார்கள். "பெரியவரே, சாவி என் கொத்துலதான் இருக்கு. இந்தா பாருங்க. ஆனா ஆள் போடுற அதிகாரம் பணியமைப்புப் பிரிவுக்குத்தான். மாடிக்குப் போங்க" என்றார்கள்.

மாடிக்குப் போனேன். நாற்காலி காலி. காத்திருந்தேன். வந்தது யார்? அதே ஐயா! அதே கண்ணாடி, அதே சாவிக்கொத்து! "சொல்லுங்க, என்ன விஷயம்?" என்று முதல் தடவை பார்ப்பதைப் போலக் கேட்டார்கள். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். "கீழே இருந்து கோரிக்கையே வரலையே" என்றார்கள்.

"ஐயா, கீழே இருந்தது நீங்கதானே?"

"அப்போ நான் அந்த அதிகாரி. இப்போ நான் இந்த அதிகாரி. கலந்து பேசக் கூடாது."

பிறகு கீழிருந்து ஐயா கேட்டார்கள். மேலிருந்து ஐயா சந்தேகப்பட்டார்கள். நர்சம்மாவிடம் சாவியைக் கொடுத்து வைக்கலாமா என்று பக்கத்து அறையிலிருந்த சட்டப் பிரிவின் கருத்தைக் கேட்டார்கள். சட்டப் பிரிவில் இருந்த ஐயா, கேள்வி தெளிவாக இல்லை என்று ஐயாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். நேர்மை என்றால் இதுவல்லவா நேர்மை? தனக்குத் தானே சலுகை காட்டாத மனிதரை நீங்கள் வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

ஐயா மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் மூன்று பேர் வேலையை ஒரு முதுகில் ஏற்றிய மேலிடத்தின் மேல் உள்ள கோபத்தில் அது கால்வாசி. மூன்று அறைக்கு ஓடும் மனிதருக்கு மூச்சு எங்கே மிஞ்சும்? யோசனை எங்கே மிஞ்சும்?

இப்போது மேடையைப் பாருங்கள். இந்த விழாவுக்கு நாற்காலி போடும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். ஐயா உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முதுகில் வெள்ளைப் பெயின்டில் என்ன எழுதியிருக்கிறது? சுகாதாரம். பக்கத்தில் காலியாக இருப்பது? சட்டம். அதற்கடுத்தது? பணியமைப்பு. மூன்று அறைகளும் இன்று இந்த மேடையில் இருக்கின்றன. ஐயா மாலை ஐந்து மணி வரை அதிகாரி. மூன்று பேராகவும் அதிகாரி.

ஐயா, அங்கே இருந்தபடியே கேளுங்கள்: நர்சம்மாவிடம் சாவியைக் கொடுக்கலாமா?

என்ன சொல்கிறீர்கள்? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். "பெரியவரே, இது விழா மேடை, அலுவலகம் இல்ல" என்கிறார். நாற்காலி அலுவலகத்து நாற்காலிதானே ஐயா! உட்காருபவரும் அவர்தானே! கூட்டத்தில் யாரோ "மாறி உக்காருங்க சார்" என்கிறார்கள். நான் சொல்லவில்லை.

எழுந்துவிட்டார்! சட்ட நாற்காலிக்கு வந்துவிட்டார்! கேள்வி இப்போதாவது தெளிவாக இருக்கிறதா ஐயா? தலையை ஆட்டுகிறார், தடையில்லையாம்! இன்னும் ஒரே ஒரு நாற்காலி. வாருங்கள் ஐயா, மாடிப்படி கூட இல்லை.

உட்கார்ந்துவிட்டார். உத்தரவு எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். ஏன் நிறுத்திவிட்டீர்கள்? "இதுல நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு யாராவது கேப்பாங்களே" என்கிறார்.

யார் கேட்பார்கள் ஐயா? கேட்க வேண்டிய நாற்காலி மூன்றும் நாளை முதல் காலி! உங்களைக் கேள்வி கேட்கக்கூட இங்கே ஆள் போடவில்லை!

போட்டுவிட்டார்! சாவியையும் கொத்திலிருந்து கழற்றிவிட்டார். நர்சம்மா, வாங்கிக்கொள்ளுங்கள். தங்கச்சி, நீயும் கூடப் போ. என் பேச்சை வீட்டில் தினமும் கேட்கிறாய், மிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இதோடு நான் திருப்தி அடைந்துவிட்டேன் என்று மேலிடம் நினைத்தால், அவர்களுக்கு என்னைத் தெரியாது. ஊசி போடும் கையே இனி மருந்தும் எடுத்துக் கொடுக்க வேண்டும். நர்சம்மாவுக்கும் கூடுதல் பொறுப்பு கொடுத்துவிட்டோம். இதுவா தீர்வு? மூன்று நாற்காலிக்கு மூன்று பேர் வரும் வரை, மருந்து கொடுக்க முறையாக ஒருவர் வரும் வரை, இந்த மூன்றையும் அலுவலக வாசலில், போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டு வைப்பேன். மழை பெய்தால் குடை பிடிப்பேன். ஆனால் உரிமையாளரைக் கேட்காமல் நான் எதையும் தொட மாட்டேன். அரசாங்கத்தின் உரிமையாளரை எத்தனை அறைகளில் தேடினேன்! அவர்கள் இங்கே அல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்! தாய்மார்களே, பெரியவர்களே, வீட்டுக்காரர்களே, சொல்லுங்கள், தூக்கட்டுமா?

கேட்டது. தெருமுனை வரை கேட்டிருக்கும்.

ஐயா அவர்கள் ஓய்விலாவது ஒரே ஆளாக, ஒரே நாற்காலியில், நிம்மதியாக உட்கார வாழ்த்துகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. முன்வரிசையில் என் தங்கை எழுந்துபோன இடம் காலியாக இருக்கிறது. இத்தனை காலத்தில் நான் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே காலியிடம் அதுதான். வணக்கம்.