பெரிய சனி ஐஸ்கிறீம்

ஐஸ்கிறீம் செய்வதில் வாளியின் கைபிடியைச் சுற்றுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் கஷ்டம் கஸ்ரட்டைக் காய்ச்சுவது. நெருப்பைத் தணித்து, பாலையும் மஞ்சட்கருவையும் சீனியையும் விடாமல் துழாவ வேண்டும். கொதித்தால் முட்டை திரிந்துவிடும். அகப்பையின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் அது மூடாமல் நிற்க வேண்டும். ஆறிய பிறகே வனிலா. சூட்டில் ருசி பார்க்கும்போது இனிப்புத் திகட்ட வேண்டும். குளிரில் நாக்கு மந்தமாகிவிடும். இனிப்பும் குறைவாகத் தெரியும், கசப்பும் குறைவாகத் தெரியும்.

எங்கள் அம்மா இறந்தபோது தங்கை வேரா பால்குடி. நான்தான் வளர்த்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை அவளுக்காகவே திருப்பி அனுப்பினேன். மட்டக்களப்பு வாவிக்கரை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். வேறு யாரும் தேவைப்படவில்லை.

வேரா விரும்பிய கிளரன்ஸ் நல்லவன். கொழும்பில் கிளாக்கர். ஈஸ்டர் கழிந்ததும் கலியாணம், கலியாணத்தோடு கொழும்புப் பயணம் என்று இருவரும் முடிவு செய்த பிறகே என்னிடம் சொன்னார்கள். கேக் என் பொறுப்பு என்றேன்.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலத்தில் வேரா இனிப்பைத் தொடமாட்டாள். அது அவளுடைய நேர்த்தி, ஒருமுறைகூட மீறியதில்லை. அதனால்தான் தபசின் கடைசி நாளான பெரிய சனிக்கிழமையைத் தேர்ந்தேன். எனக்கு நெஞ்சுச் சளி என்று கிளரன்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். ஆக, சாப்பிடப்போவது கிளரன்ஸ் ஒருவன்தான். எலிக்கு வைக்கும் மருந்தை ஆறிய கஸ்ரட்டில் கலந்து, வனிலாவைச் சற்றுக் கூட்டினேன்.

பெரிய சனி நண்பகல் மணியோடு தபசு முடியும். அதற்கு வெகு முன்பே என் காரியம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஐஸ்கட்டி கொண்டுவரும் ரயில் அன்று பிந்திவிட்டது.

கிளரன்ஸ் சுற்றினான். வேரா வாளிக்குள் ஐஸும் உப்பும் போட்டபடி அவனைச் சீண்டினாள்.

"என்ன, இதுக்கே மூச்சு வாங்குது? பேனை பிடிச்ச கைதானே."

"பேனை பிடிச்சா பிளேன்ரீயாவது தருவாங்க. இஞ்ச அதுவும் இல்ல."

எங்கள் வீட்டில் சுற்றியவருக்கே துடுப்பு. உருளைக்குள் சுழலும் அந்த மரத்துடுப்பில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்னும் உரிமை அவருடையது. கிளரன்ஸ் துடுப்பை வெளியே எடுக்கவும் கோவில் மணி அடித்தது. அவன் அதை வேராவிடம் நீட்டினான்.

"நாப்பது நாளா வாயைக் கட்டினவ. இந்தாங்க, என்ட பங்கும் உங்களுக்குத்தான்."

வேராவை மறுநாள் மாலை அடக்கம் செய்தோம். பால் கெட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர். கிளரன்ஸ் தொடுமுன்பே மிச்சத்தை நான் வாவியில் கொட்டியிருந்தேன். பால் தந்த காத்தான்குடி உசனாரிடம் அதன் பிறகு ஒருவரும் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை. மாடுகளை விற்றுவிட்டுக் கூலிவேலைக்குப் போனார். போன மாதம் அவர் காலமானதாக அறிந்தேன். இனி இதைச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. அதனால் சொல்லலாம்.

கிளரன்ஸ் கலியாணம் செய்யவில்லை. ஆண்டுதோறும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு வந்து கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவான். "என்ட கையாலதானே குடுத்தன், அக்கா" என்று அழுவான். நான் தேற்றி அனுப்புவேன்.

ரயில் நேரத்துக்கு வந்திருந்தால் வேரா இருந்திருப்பாள். எத்தனை முறை யோசித்தாலும் குற்றம் அங்கேதான் போய் நிற்கிறது.

அன்று துடுப்பை வாங்கிய வேரா உடனே வாயில் வைக்கவில்லை. கலியாணத்தைத் தவிர வேறெதையும் என்னைக் கேட்காமல் செய்யாதவள் அவள்.

"அக்கா, மணி அடிச்சிட்டு. இனிச் சாப்பிட்டாப் பாவமில்லத்தானே?"

துடுப்பிலிருந்து ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. தட்டிவிட எனக்குக் கை எட்டும் தூரம்தான். கொழும்புக்குப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"பாவமில்ல, புள்ள. சாப்பிடு."

திருச்சபை ஒழுங்குப்படி அது சரியான பதில். வேராவிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.