ஒரு விரல் மரியாதை

காபி நன்றாக இருக்கிறது, கெய்லா. போன ஷெரிஃப் காலத்தில் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் கழுநீர்தான் கொடுப்பார்கள். உங்களைத் தொட்டிலில் பார்த்தவன் நான். ஆனாலும் இப்போது சீருடையில் இருப்பதால் ‘ஆபீசர்’ என்றே கூப்பிடுகிறேன். மரியாதை அங்கேதான் தொடங்குகிறது.

எழுதிக்கொள்ளுங்கள். டெல்மர் டுஃப்டே, வயது அறுபத்தாறு. கிளாடன் ஊரில் முப்பத்தொரு குளிர்காலமாகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன். நம் மினசோட்டாவில் இந்த வேலைக்கு இருக்கும் மதிப்பு மேயருக்குக்கூடக் கிடையாது. ஊர் வாரப் பத்திரிகையில் நாகரிகம் நாசமாகிறது என்று கடிதம் எழுதுபவனும் நான்தான். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். உங்கள் வயதில் யாரும் படிப்பதில்லை. அதைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

நாடு கெட்டுப்போனது வாஷிங்டனில் இல்லை. டிவியில் கத்துகிறவர்கள் வாங்கும் சம்பளத்துக்குக் கத்துகிறார்கள். என் கவலையெல்லாம் ஸ்டியரிங்கைப் பற்றித்தான். எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை லேசாகத் தூக்குவது நம் பக்கத்து வழக்கம். தெரிந்தவன், தெரியாதவன், மாற்றுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவன் எல்லோருக்கும் அது உண்டு. வேறு விரலைத் தூக்கினால் அது வேறு செய்தி. சில வருஷமாக அந்த விரல் குறைந்துகொண்டே வந்தது. முன்வாசலில் கட்சிப் பலகை நட்டவர்கள் எதிர்ப் பலகைக்காரனைக் கண்டால் பனியைப் பார்க்கிறார்கள். பனியில் பார்க்க என்ன இருக்கிறது?

ஆகவே நான் ஒரு சின்னப் பாடம் நடத்தினேன். லாரியின் முன்னால் உள்ள இரும்புத் தட்டு பனியை வலப்பக்கம் ஒதுக்கிக்கொண்டே போகும். ஒரு வீட்டின் கார் பாதை வரும்போது தட்டைச் சற்றுத் திருப்பினால் குவியல் அதைத் தாண்டிப் போய் விழும். திருப்பாவிட்டால் பாதையை அடைத்துக்கொண்டு விழும். விரல் தூக்கியவர்களுக்குத் திருப்பினேன், தூக்காதவர்களுக்குத் திருப்பவில்லை. கட்சி பார்க்கவில்லை. இந்த நாட்டில் கட்சி பார்க்காமல் வேலை செய்யும் ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர்கள் மாங்குமாங்கென்று வாரி முடிக்கும்வரை அடுத்த தெருவில் காத்திருந்து, இரண்டாவது சுற்று வருவதும் உண்டு. எனக்கே கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். போன பிப்ரவரியில் உங்கள் கார் மூன்று மணி நேரம் சிக்கிக்கொண்டதே, ஆபீசர், அதுவும் நான்தான். அதற்கு முந்தின வாரம் போனைப் பார்த்துக்கொண்டே என்னைக் கடந்து போனீர்கள்.

வெர்லின் ஹாகன் விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது வருஷச் சிநேகிதன். எங்களுக்குள் சண்டை என்று காபிக் கடையில் பேசிக்கொள்கிறார்களாம். சண்டையெல்லாம் இல்லை. அக்டோபர் ஒன்பது, காலை ஒன்பதே கால். அதே கடையில் ஆப்பிள் பை சாப்பிட்டபடி நான் நாகரிகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெர்லின் குறுக்கே புகுந்தான்.

“டேய் டெல்மர், மரியாதை மரியாதைன்னு வாரா வாரம் பேப்பர்ல எழுதுறியே. நாப்பது வருஷத்துல ஒரு தடவையாவது என்னை முழுசா பேச விட்டிருக்கியாடா?”

“இப்பப் பேசேன், யாரு வேணாங்கிறா?”

“பேசி முடிச்சிட்டேன். இதுதான் மொத தடவை.”

பரிமாறும் ரோண்டா விடவில்லை. “அப்பாடா, இன்னிக்கு வெர்லினுக்கு ஆப்பிள் பை இலவசம்” என்றாள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் உட்காரும் இரண்டு மேசைகளும் சேர்ந்து சிரித்தன. இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பதினைந்து நாள் கழித்து வெர்லினின் விரல் நின்றுபோனது. நான் தூக்கினால் அவன் தலையை மட்டும் ஆட்டினான். தலை கணக்கில் வராது. முதல் பனி விழுந்ததிலிருந்து அவன் வீட்டுக்கு நான் தட்டைத் திருப்பவில்லை. வாரியதெல்லாம் அவன் மனைவி ஆர்டிஸ்தான், எழுபத்தொரு வயது. ஆம்பளை உள்ளே உட்கார்ந்துகொண்டு பெண்டாட்டியை வாரவிடுகிறான், இதுதான் இன்றைய நாகரிகம் என்று பெயர் சொல்லாமல் ஒரு கடிதம் எழுதினேன்.

ஜனவரி பதினான்கு, காலை எட்டு மணி. ஆர்டிஸ் வாரி முடித்து உள்ளே போயிருந்தாள். நான் இரண்டாவது சுற்று வந்தேன். தெருப் பனி முழுவதையும் தள்ளி வந்து, பாதையை இடுப்பளவுக்கு அடைத்துவிட்டு நகர்ந்தேன். அப்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ஆர்டிஸ் வீட்டு உடுப்போடு, காலில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டுகிறாள். குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. பதினொரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு கை, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. ஒருவழியாகப் பாடம் ஏறிவிட்டது என்று நினைத்தேன். பதிலுக்கு விரலைத் தூக்கி, இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டேன்.

உள்ளே விழுந்து கிடந்த வெர்லினுக்காக அவள் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் எட்டு இருபதுக்கு வந்தது என்று உங்கள் தாளில் இருக்கிறது. குவியல் அதற்குள் கல்லாகியிருக்கும். அந்த ஆட்கள் அதை வெட்டி வழி செய்து ஸ்ட்ரெச்சரைக் கொண்டுபோக இருபத்தாறு நிமிஷம். வெர்லின் இருபதுதான் தாங்கினான்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தில் காபி கொடுத்தபோது ஆர்டிஸ் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்டோபர் கடைசியில அவருக்கு லேசா பக்கவாதம் வந்துச்சு டெல்மர். வலது கை தூக்கவே வரல. இடது கையால ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓட்டுவார். உன்கிட்ட சொல்லுங்கன்னு சொன்னேன். ‘அவன் எங்க பேச விடுவான்’னு சிரிச்சார்.”

கேட்டு வருத்தப்பட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இறுக்கிப் பிடித்த கையிலும் ஐந்து விரல் இருக்கிறது. நான் கேட்டது ஒன்று.

ஆமாம், ஆபீசர், தெரிந்துதான் அடைத்தேன், ஒவ்வொரு தடவையும். எங்கே கையெழுத்து வேண்டும்?

இன்னும் ஒரு விஷயம். நேற்று கல்லறைப் பக்கமிருந்து ஆர்டிஸின் கார் எதிரே வந்தது. விரலைத் தூக்கினேன், நன்றாகவே தூக்கினேன். அவள் என்னைப் பார்த்தாள். தூக்கவில்லை. நாளை மறுநாள் எட்டு அங்குலம் பனி என்கிறார்கள். லாரிச் சாவியை அதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்தானே?