ஆறு பாத்திரமும் அரிசி கழுவுன தண்ணியும்

…வீட்டுத் தோட்டத்துக்குப் பரிசு வாங்குனவங்க எல்லாரும் இந்த மேடையில ஒரே மாதிரிதான் பேசுனீங்க. "எங்களுக்கு எல்லாம் எங்க தோட்டத்துலயே கிடைக்குது, நாங்க யாரையும் எதிர்பார்க்குறதில்ல." சந்தோஷம். கை தட்டுனேன் நானும். ஆனா மனசுல ஒண்ணு உறுத்துது. தலைவர் வாட்சைப் பாக்குறாரு… இருங்கய்யா, ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைச் சொல்லிட்டு மைக்கை நானே உங்க கையில குடுத்துடறேன்.

திண்டுக்கல் பக்கம் ஒரு மில் காலனி. அதுல ஒரு வீடு. வீட்டுக்காரர் பழனியாண்டி, லைன்மேன். அவர் சம்சாரம் மரகதவல்லி. ஒரே பொண்ணு. வீட்டுக்குப் பின்னாடி ரெண்டே ரெண்டு சென்ட் இடம். அந்த ரெண்டு சென்ட்ல அந்தம்மா என்ன வச்சிருந்தாங்கன்னு கேக்காதீங்க, என்ன வைக்கலன்னு கேளுங்க. வேலி முழுக்க அவரை. குளிக்கிற தண்ணி போற வழியெல்லாம் வாழை. நாலு கோழி. உப்பும் எண்ணெயும் அரிசியும் தவிர அந்த வீட்டுக்குக் கடையிலிருந்து ஒண்ணும் வராது. காலையில தோட்டத்துக்குள்ள போயி, என்ன இருக்கோ அதைப் பறிச்சு, அதுதான் அன்னைக்குக் குழம்பு. பாத்தா பொறாமையா இருக்கும். எனக்கு இருந்துச்சு, ஒத்துக்கிறேன்.

மிஞ்சினதை என்ன செய்வாங்க? பக்கத்து வீட்டுக்குக் குடுப்பாங்க. பக்கத்து வீட்டுல கஸ்தூரின்னு ஒரு பொண்ணு. புருஷன் மில்லுல வேலை. ரெண்டு சின்னப் பிள்ளைங்க. தோட்டம் கிடையாது, வாசல்ல இறங்குனா ரோடு. மரகதம் ஒரு கிண்ணத்துல கத்திரிக்கா போட்டுக் குடுப்பாங்க. மறுநாள் கிண்ணம் திரும்பி வரும்… வெறுங்கிண்ணமாவா வரும்? நம்ம வீட்டுல யாராச்சும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுப்போமா? ரெண்டு வடை வரும். இல்லன்னா ஒரு கை சக்கரையாவது வரும்.

அப்புறம் ஒரு நாள் அந்த மில்லை மூடிட்டாங்க.

மரகதத்துக்கு அது தெரியும். அதனால இன்னும் அதிகமாக் குடுத்தாங்க. கீரை, முருங்கை, நாலு முட்டை… எல்லாம் போச்சு. கிண்ணம் மட்டும் திரும்பி வரல. தூக்குவாளி போச்சு, வரல. சம்படம் போச்சு, வரல. ஆறு பாத்திரம். ஏழாவது தடவை கதவைத் தட்டுனா, உள்ள பேச்சுச் சத்தம் கேக்குது… கதவு திறக்கல.

பழனியாண்டி ஒரு நாள் டூட்டிக்குக் கிளம்பறாரு. "ஏம்மா, சாப்பாட்டுத் தூக்கு எங்க?"

"அந்த மகராணி வீட்டுல இருக்கு. வாங்கத் தெரியுது, திருப்பிக் குடுக்கத் தெரியல. கதவைக்கூடத் திறக்க மாட்டேங்கறா. அப்படி என்னங்க நான் பண்ணிட்டேன்?"

கோபம். நியாயமான கோபந்தானே? விறுவிறுன்னு போயி, "கஸ்தூரி, கதவைத் திற, என் பாத்திரத்தை எடுத்துட்டுப் போயிடறேன்"னு நின்னுட்டாங்க. கதவு திறந்துச்சு. நேரா அடுப்படிக்குப் போனாங்க.

அலமாரியில ஆறு பாத்திரமும் இருந்துச்சு. பளபளன்னு விளக்கிக் கவுத்து வச்சிருந்துச்சு. அடுப்புல சோறு வெந்துட்டு இருந்துச்சு. அந்த அடுப்படியில வேற எதுவுமே இல்ல… ஒரு வெங்காயம்கூட இல்ல. நாலு நாளாப் பிள்ளைங்க ரெண்டும் சோத்துல உப்புத் தண்ணி ஊத்தித்தான் சாப்பிடுதுங்க.

கஸ்தூரி தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுது… "வெறும் பாத்திரத்தை எப்படிக்கா திருப்பிக் குடுப்பேன்? போட்டுக் குடுக்கச் சக்கரைகூட இல்ல. அதான் இனிமே வாங்கவே கூடாதுன்னு கதவைத் திறக்கல."

பாருங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் அவரைக்கா காய்ச்சுத் தொங்குது. இந்தப் பக்கம் ரெண்டு பிள்ளை வெறுஞ்சோறு திங்குது. நடுவுல நிக்கிறது என்ன? ஒரு கிண்ணம்.

நாமளா இருந்தா என்ன செஞ்சிருப்போம்? "அடி பைத்தியமே, அதுக்கென்ன, வெறும் பாத்திரத்தையே குடு"ன்னு சொல்லி இன்னும் ஒரு கூடை காயைக் கொண்டாந்து கொட்டியிருப்போம். கஸ்தூரி வாங்கியிருக்குமா? வாங்காது. மானம் பெரிசு அதுக்கு. மரகதம் அதெல்லாம் சொல்லல. அடுப்படியைச் சுத்திப் பாத்தாங்க. ஓரத்துல ஒரு குண்டான்ல அரிசி கழுவுன தண்ணி இருந்துச்சு.

"இதை என்ன பண்ணுவ?"

"கீழ கொட்டிருவேன்க்கா."

"கொட்டுவியா? என் கத்திரிச் செடி பூவெல்லாம் உதிர்த்துட்டு நிக்குது. எங்க வீட்டுல மூணு பேருக்கு உலை வைக்கிறதுல அதுக்கு ஊத்த ஒரு சொம்பு கழுவுன தண்ணிகூடத் தேறல. இவ குண்டான் குண்டானாக் கொட்டுறாளாம். பக்கத்துலயே இருந்துக்கிட்டு இத்தனை நாளா எனக்குக் குடுக்கணும்னு உனக்குத் தோணல பாத்தியா?"

திட்டுனாங்க. நிஜமாவே திட்டுனாங்க. நாலு நாளாத் தலை நிமிராத பொண்ணு நிமிந்து பாத்துச்சு.

மறுநாள் காலையில வேலிப் படல் திறக்குற சத்தம். கஸ்தூரி வந்துச்சு. கையில தூக்குவாளி, கழுத்து வரைக்கும் அரிசி கழுவுன தண்ணி. தானே கொண்டுபோயிச் செடிக்கு ஊத்துச்சு. திரும்பும்போது யாரும் சொல்லாமலே, தன் கையாலயே நாலு கத்திரிக்காயைப் பறிச்சு மடியில போட்டுக்கிட்டுப் போச்சு. மரகதம் அடுப்படி ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு அழுதாங்களாம். அவங்களே எங்கிட்டச் சொன்னது.

நான் அந்தம்மாவைக் கும்பிடறேன். ரெண்டு சென்ட்ல காடு வளத்ததுக்காக இல்ல… அதை நீங்க எல்லாரும்தான் செஞ்சுட்டீங்களே. "எனக்கு உன்கிட்ட ஒண்ணு வேணும்"னு அந்த அடுப்படியில நின்னு கேட்டாங்க பாருங்க, அதுக்காக.

யாரையும் எதிர்பார்க்காம வாழறது பெருமைதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அதையே பக்கத்து வீட்டுக்காரன்கிட்டச் சொல்லிச் சொல்லி, "உன்னால எனக்கு ஆகவேண்டியது ஒண்ணுமே இல்ல"ன்னு அவனை ஒதுக்கி வச்சுட்டோம்னா, அப்புறம் நாம எவ்வளவு காயைக் குடுத்தாலும் அவன் கதவைத் திறக்க மாட்டான். அவனும் நமக்கு ஏதோ ஒண்ணு குடுக்கணும். குடுத்தாத்தான் அவனால வாங்க முடியும்.

அதனால, இன்னைக்குப் பரிசு வாங்குன தாய்மார்களே… நாளைக்குக் காலையில பக்கத்து வீட்டுக்குக் காயை எடுத்துட்டு ஓடாதீங்க. போயிக் கதவைத் தட்டி, முதல்ல ஏதாவது ஒண்ணு கேளுங்க.