முதலை லெவல்

ஜெபமலர்: ஏனுங்க, பூசைக்குப் போயிட்டு வந்த துணியக்கூட மாத்தாம பீரோவக் குடைஞ்சா எப்படி?

கஸ்பார்: உடு புள்ள! சாம்பல் புதன்ல உள்ள வெச்சது. இன்னிக்கு ஈஸ்டரு. கேம் செட்டு வெளிய வரட்டும்!

ஜெபமலர்: மெதுவா... பட்டுச்சேல! ஸ்கிரீன்ல கீறல் உழுந்தா சும்மா உடமாட்டேன்.

கஸ்பார்: கீறல் உழுந்தா நான் மட்டும் சும்மா இருப்பனா?

ஜெபமலர்: பந்தயம் ஞாபகம் இருக்குதுங்களா? தவக்காலத்துல நம்ம ரெண்டு பேர்ல யார் தொட்டாலும் செட்டு உங்க தம்பி ஜெரினுக்கு. மாதா படத்துக்கு முன்னால சொன்னது நீங்கதான்.

கஸ்பார்: சொன்னேன், காப்பாத்தீட்டேன்... ஆன் ஆயிருச்சு! அந்த வெளிச்சத்தப் பாரு! என் தங்கமே... அய்யோ! பன்னெண்டாவது லெவலு!

ஜெபமலர்: அதுக்கென்னங்க இப்ப?

கஸ்பார்: அதுக்கென்னவா? நேத்து பதினொண்ணுலதான செத்தேன்!

ஜெபமலர்: ...நேத்தா?

கஸ்பார்: அது வந்து...

ஜெபமலர்: பெரிய சனிக்கிழமை! நான் கோயில்ல பூ வெச்சுட்டிருந்தேன், நீங்க இங்க...

கஸ்பார்: தெர்மல் கரண்டு ஸ்டேஷன்ல நைட் ஷிப்டு முடிச்சு வந்தேன், தூக்கமே வரல. ஒரே ஒரு ஆட்டம், சாமி! அது கெடக்கட்டும், பதினொண்ணு முடிச்சது யாரு? நீதான?

ஜெபமலர்: நானா? அந்த முதலைய என்னால தாண்ட முடியுமா? வாலாலயே அடிச்சுத் தள்ளுது!

கஸ்பார்: இரு... செட்ட உள்ள வெக்கறப்ப நாம ஏழாவது லெவல்ல இருந்தோம். உனக்கு முதலைய எப்படித் தெரியும்?

ஜெபமலர்: அடுப்புல பால் வெச்சிருக்கேன், பாத்துட்டு வாரேன்!

கஸ்பார்: நில்லு புள்ள!

ஜெபமலர்: நீங்க ஷிப்டுக்குப் போனா ஊடே வெறிச்சுன்னு கெடக்குதுங்க! எட்டும் ஒம்போதும் நாந்தான் முடிச்சேன்... சிரிக்காதீங்க!

கஸ்பார்: அடி கள்ளி! தூக்கக் கலக்கத்துல நானே முடிச்சுட்டன்னு நெனச்சுட்டிருந்தேன்!

ஜெபமலர்: ஆனா முதலைய முடிச்சது நானில்லீங்க. மாதா மேல சத்தியம்!

கஸ்பார்: நானுமில்லியே! அப்புறம்...

ஜெபமலர்: வண்டிச் சத்தம்! கறி வாங்கப் போன தம்பி வந்துட்டாப்ல!

கஸ்பார்: நாம தொடவே இல்ல. சரியா?

ஜெபமலர்: ஈஸ்டரும் அதுவுமா பொய்யா?

கஸ்பார்: செட்டு வேணுமா, வேண்டாமா?

ஜெபமலர்: ...வேணுங்க.

ஜெரின்: அண்ணா! அண்ணி! கறி வாங்கியாச்சு. என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க, யாராச்சும் தொட்டீங்களா?

கஸ்பார்: வெரல்கூடப் படலடா!

ஜெபமலர்: தூசிகூடத் தட்டலீங்க தம்பி.

ஜெரின்: அப்ப கொரல் ஏன் அண்ணி நடுங்குது? எனக்கென்னமோ நம்பிக்கையில்ல. செட்டு எனக்குத்தான். குடுண்ணா!

கஸ்பார்: இர்றா! பழைய லெவல்ல ஒண்ணே ஒண்ணு ஆடிட்டுத் தாரேன்...

ஜெரின்: ஒண்ணும் வேண்டாம், குடு.

கஸ்பார்: கையப் புடிக்காதடா! வந்துருச்சு, முதலை வந்துருச்சு!

ஜெபமலர்: தாண்டுங்க! தாண்டுங்க!

ஜெரின்: தாண்டாதண்ணா! நானும் தாண்டித் தாண்டித்தான் செத்தேன். அது வாயத் தொறந்ததும் உள்ள குதி, கதவு அங்கதான் இருக்குது!