நாய் குரைக்கிற பாட்டுக்கு விழுந்த ஓட்டு

என் சின்ன மகதான் தம்பி மொதல்ல சொன்னா. போன வெள்ளிக்கிழமை, நான் ஈரத்துணிய ஒதறிக்கிட்டு நிக்கறேன், வந்து கேக்கறா: "அம்மா, அப்பாவும் சித்தப்பாவும் கடையில மொகம் குடுத்துப் பேசறதே இல்ல, உனக்குத் தெரியுமா?"ன்னு. எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுக்காரர் பேசாம இருந்தா அதுல என்ன அதிசயம்? எந்நேரமும் வாய் நெறைய ஆணிய அடக்கிக்கிட்டு, ஒன்னொன்னா எடுத்து சோபாத் துணியில அடிக்கிற மனுஷன். கோவமா இருக்காரா, ஆணி இருக்கான்னு கிட்டப் போய்ப் பாத்தாத்தான் தெரியும்!

உக்காருங்க தம்பி, ஏன் நிக்கறீங்க... ஐயையோ அதுல வேணாம், அதுக்கு இன்னும் ஸ்பிரிங் வைக்கல. இதுல உக்காருங்க. உங்க சோபாதானே? உள்ளதான் இருக்கு. வந்துரும், வந்துரும்.

எல்லாம் அந்தப் பாட்டுக்காரங்களால வந்தது. இங்கிலாந்துக்காரங்க, தோள் வரைக்கும் முடிய வளத்துக்கிட்டு, ராக்கு பாட்டுப் பாடுவாங்களே... தெரியுமா? அட, சிரிக்கிறீங்க! உங்களுக்கு அதுல எது... வேணாம், வேணாம், சொல்லாதீங்க! உள்ள கேட்டுரப் போகுது.

கடை தொறந்த நாள்லேருந்து அந்தப் பாட்டுத்தான். எனக்கு ஒரு எழுத்துப் புரியாது. ஆனா பாருங்க, காலையில கண்ண மூடிக் கடவுள நெனச்சா, நடுவுல அந்தக் கிட்டாருக்காரன் வந்து நிக்கறான்! கடவுளே, அவனையும் நல்லா வையின்னு சொல்லிட்டு மேல கும்பிடுவேன். வேற என்ன பண்றது?

நானா பேரு வச்சிருக்கேன். மெதுவா இழுத்து இழுத்துப் பாடறது அழுமூஞ்சிப் பாட்டு. அது எங்க வீட்டுக்காரருக்கு உசுரு. அது ஓடினா ஊசியில தைப்பாரு, தையல் ஒரே சீரா வரும். தடதடன்னு ஓடறது குதிரைப் பாட்டு, அது என் கொழுந்தனுக்கு. ஆணியடிக்க அதுதான் தோதாம். அப்பறம் ஒன்னு இருக்கு, நடுவுல நாய் குரைக்கும். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்குமே ஆகாது. அது வந்தா யாரு கை சும்மா இருக்கோ அவங்க ஓடிப் போய் நிறுத்துவாங்க.

இதுல நம்ம ஊரு ரேடியோக்காரனுக்கு என்ன தலையெழுத்தோ! அந்தக் குழு பாடினதுல ரொம்பப் பிரபலமான பாட்டு எதுன்னு போட்டி வச்சான். பாட்டுக்கு ஒரு நம்பர், போன்ல அமுக்கினா ஓட்டு. எங்க வீட்டுக்காரர் வாயிலேருந்து ஆணியத் துப்பிட்டு எங்கிட்ட வந்து, "என் பாட்டுக்குப் போட்டுரு"ங்கறாரு. அந்தப் பக்கம் கொழுந்தன், "அண்ணி, நீங்க எனக்குத்தான போடுவீங்க?"ங்கறான். நான் கல்யாணமாகி வந்தப்ப டவுசர் போட்டுக்கிட்டு என் பின்னாடியே சுத்தினவன் தம்பி. இவருக்குப் போட்டா அவன் மூஞ்சி சுருங்கிப் போகும். அவனுக்குப் போட்டா... இவரோடதான குடும்பம் நடத்தணும்?

பழைய துணிதானே தம்பி உங்க சோபாவுல இருந்தது? கரும்பச்ச. இப்ப போட்டிருக்கிற புதுசப் பாத்தீங்கன்னா அசந்துருவீங்க. துணிக்கு ஒன்னும் ஆகல. துணி நல்லாத்தான் இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், முடிவு சொன்னான். அப்ப கடையில நடந்ததெல்லாம் மக சொல்லித்தான் எனக்கே தெரியும். மொத எடம், நாய் குரைக்கிற பாட்டு! ரேடியோக்காரனே சிரிக்கறான். சின்ன ஊரு, ஓட்டுப் போட்டதே கொஞ்சம் பேருதான் போல. இவரு அவனப் பாத்தாரு, அவன் இவரப் பாத்தான். "நீ ஜெயிக்கலேன்னாலும் பரவால்ல, நான் ஜெயிக்கக் கூடாதுன்னு ஆளத் தெரட்டி நாய்க்குப் போட்டியா?"ன்னு இவரு. "அந்தப் புத்தி உனக்குத்தான்"னு அவன். அவ்வளவுதான். ரேடியோவ அணைச்சாங்க. பேச்சும் நின்னு போச்சு.

பேச்சு நின்னது கூடப் பெருசில்ல. பாட்டு நின்னுச்சு பாருங்க, அதுதான். பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேளக்காரன் குச்சிய டிக், டிக், டிக்குன்னு தட்டுவானே? அதக் கேட்டுத்தான் ரெண்டு பேரும் ஒன்னா சோபாவத் தூக்குவாங்க. இத்தன வருஷமும் அப்படித்தான். இப்ப பாட்டும் இல்ல, பேச்சும் இல்ல. நேத்து இவரு ஒரு பக்கம் தூக்கறாரு, அவன் அந்தப் பக்கம் சும்மா நிக்கறான். அவன் தூக்கறான், இவரு விட்டுட்டாரு...

எங்க எந்திரிக்கறீங்க? ஒரு காலுதான் தம்பி ஒடஞ்சது! மத்த மூணும் கல்லாட்டம் இருக்கு! அதுக்கும் புதுக் காலு மாட்டியாச்சு. ஆளுக்கொரு மூலையப் பாத்துக்கிட்டே மாட்டினாங்க, அதையும் நான் பாத்தேன்.

யாரு நாய்க்குப் போட்டதுன்னா கேக்கறீங்க? மெதுவா பேசுங்க... நான்தான். ரெண்டு பேரு மனசும் நோகாம நடுவுல ஒன்னுக்குப் போட்டுருவோம்னு நெனச்சேன். என் ஒரு ஓட்டோட விட்டிருக்கலாம். நான் போற பிரார்த்தனைக் கூட்டத்துல, "குடும்பத்துல சமாதானம் வேணும், எல்லாரும் இந்த நம்பர அமுக்குங்க"ன்னு சொல்லிட்டேன். அவங்களும் பக்தியா அமுக்கிட்டாங்க! பாட்டக் கூடக் கேக்கல பாவம். சொல்லிரலாம்னு கிட்டப் போறேன், இவரு வாயில ஆணி. முழுங்கிட்டா என்ன பண்றது?

சொல்லிருவேன் தம்பி, இன்னிக்கே சொல்லிருவேன். ஆனா மொதல்ல உங்க சோபா இந்தக் குறுகல் வாசலத் தாண்டி முழுசா வெளிய வரணுமே. பேரம் பேசறேன்னு நெனச்சுக்காதீங்க. நான் ரேடியோவத் தொட்டா எந்தப் பக்கம்னு பாப்பாங்க. நீங்க வெளியாளு, ஒன்னும் சொல்ல மாட்டாங்க. அங்க, அந்த அலமாரியில இருக்கு பாருங்க, பக்கத்துலயே அதுல போடற அந்தக் குழுவோட கேசட்டெல்லாம் இருக்கு. ரெண்டு பேரும் குனிஞ்சு புடிச்சதும் ஏதாவது ஒன்னப் போட்டு விடுங்க.

நாய் வர்றது மட்டும் வேணாம்.