பெற்றதை விட்டு ஓடியவன்

கடலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மில் தொழிலாளிகள். மில்லிலிருந்து தன் நாட்டுக்குத் திரும்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன நாவலின் கதையை ஒருவர் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஒருத்தன் பொணத்துக்கு உசுரு குடுத்துப் பெரிய ஆளாவணும்னு பாடுபட்டான்டா. அது கண்ணத் தொறந்ததும் பயந்து ஓடிட்டான். ஒரு பேருகூட வைக்கல. அது யாருமில்லாம அலைஞ்சு, கடைசில அவனத் தேடி வந்து கொலை பண்ண ஆரம்பிச்சிடுச்சு."

"அந்தப் பாவமெல்லாம் அவனுக்குத்தான்! உண்டாக்கிட்டு ஓடுறவன் மனுசனாடா?" என்று மற்றவர் கொதித்தார்.

"அரியாங்குப்பத்துல உனக்குப் பொண்ணு பொறந்து மாசமாச்சே, போய்ப் பாத்தியா?"

"அது வேற. மாமனாரு வந்து மொறையா கூப்புடல."

"அந்தப் பூதமாவது அவனத் தேடிக்கினு தனியா வந்துச்சு. உன் பொண்ணு அவ அம்மாவயும் கூட்டிக்கினு வருவாடா."