உரோமாபுரிக்கு நடுவால ஒரு சுவர்

...அவன்தான், மேசன் காலிதீன், முதல் மடையன். உரோமாபுரிய ரெண்டாப் பிரிச்சானே, தியோடோசியஸ் எண்ட அந்த ராசா. நீங்க கயித்தப் புடிங்க. சுவர் ஹோலுக்கு நடுவால வந்து, எங்கட அறைக்குக் குறுக்கால அடுப்படிக்குப் போகுது. நான் கதைக்கிறதால மேசன் வேல கெட்டுப் போகாது.

முப்பத்திரெண்டு வருசம் இந்தக் கல்முனையில சரித்திரம் படிப்பிச்சவன் நான். உரோமாபுரி ஆத்தங்கரையில நாலு மண்குடிசையோட துவங்கின ஊர். மலைப்பக்கம் இருந்து கல்லால வாய்க்கால் கட்டித் தண்ணி கொண்டு வந்தானுகள். அவன் போட்ட றோட்டு இன்னமும் கிடக்கு. நம்மட றோட்டு ஒரு மாரிக்குத் தாங்குதா? அடிச்சிப் புடிச்ச சனத்தையும், நீயும் நம்மட ஆள்தான் எண்டு சேத்துக்கிட்டான். அப்படித்தான் வளந்த.

பிறகு கொழுப்பு. சண்டைக்குத் தன்ட புள்ளையள அனுப்பாம, எல்லைக்கு அங்கால இருந்த காட்டுச்சனத்தக் கூலிக்குப் புடிச்சான். கடைசியா இந்தத் தியோடோசியஸ், மூத்த மகனுக்குக் கிழக்கு, பத்தே வயசான இளையவனுக்கு மேற்கு எண்டு குடுத்திட்டுக் கண்ண மூடி மௌத்தாகிட்டான். தம்பிட பக்கம் எரியக்குள்ள மூத்த காக்காட பக்கத்து ஆக்கள் பாத்துக்கிட்டு இருந்தானுகள். இதப் படிப்பிக்கக்குள்ள நான் சிரிப்பன். வகுப்பும் சிரிக்கும்.

ஓம்... ஓம், ஆணி அங்கதான்.

எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள, ஸஹ்றாவும் சல்மாவும். ஊடு ஒண்டு. மத்தவனெல்லாம் மூத்தவள்ட கலியாணத்துக்கு ஊட்ட எழுதிக் குடுத்திட்டு, பின்வளவுல ஒரு கொட்டிலப் போட்டு பொஞ்சாதியோட போயிருவான். இளையவளுக்கு வேற இடம் தேடுவான். நான் படிச்சவன் எலுவா? கொட்டில்ல கிடக்கிறதா? பாதி மூத்தவளுக்கு, பாதி இளையவளுக்கு எண்டு உறுதிப் பத்திரம் முடிச்சன். ரெண்டு மாப்புளயும் வந்தானுகள். கிணத்து மோட்டர ஆரு முதல் போடுற எண்டு துவங்கினது, இப்ப சலாமும் இல்ல, அதான் இந்தச் சுவர். பட்டிக்காட்டானுகள்.

உறுதி எழுதின நொத்தாரிசு நல்ல மனிசன். பேனையத் தூக்கி வெச்சிட்டுக் கேட்டார், "சேர், நீங்களும் பொஞ்சாதியும் உசிரோட இரிக்கிமட்டும் இந்த ஊட்டில இருக்கிற உரிமைய எழுதட்டா?"

"என்ட புள்ளையள்ட ஊட்டில இருக்க எனக்குக் கடுதாசி வேணுமா?" எண்டன். பொஞ்சாதி றஹீமா பக்கத்திலதான் இருந்தா.

எங்க இருக்கப்போறீங்க எண்டுதானே பாக்கிறீங்க? விடிய சுபஹுத் தொழுதிட்டு வந்ததுல இருந்து றஹீமாவும் அதத்தான் கேக்கிறா. உம்மா என்னோட இருக்கட்டும், சமையலுக்கு உதவி எண்டு ஸஹ்றா செல்லிட்டா. வாப்பாவ சல்மா பாக்கட்டுமாம். சல்மாட மாப்புள எழும்பிக் கிணத்தடிக்குப் போயிட்டான். நாங்க ரெண்டு பேரும் நாப்பத்தொரு வருசம், காலிதீன், ஒரே அறையில.

மேற்குல கடைசியா இருந்த ராசா ஒரு சின்ன வயசுக்காரன். அவன இறக்கினது அந்தக் கூலிப்படைத் தலைவன், காட்டான் எண்டு நான் படிப்பிச்ச ஆள். கொல்லல்ல. பாவம் எண்டு, கடற்கரையில ஒரு ஊடும் சாப்பாட்டுக்கு வழியும் குடுத்து அனுப்பினான். ஒவ்வொரு வருசமும் படிப்பிச்சன். ஒருநாளும் நிண்டு யோசிக்கல்ல.

சரி, கயித்த இழுங்க. றஹீமா எந்தப் பக்கம், நான் எந்தப் பக்கம் எண்டு மட்டும் முதல்ல காட்டுங்க.